பழுதுமொழி

இன்றைக்கும் மண்டி போட்டிருக்கிறது.
நேற்றிரவு நிமிர்ந்த நிலையில்தான் நிறுத்தினேன்.
கராகண்டாவில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
காற்றுப் பைகள் நான்கும் மூச்சை விட்டுவிட்டன.
சுமை ஏற்றக் காத்திருக்கும் ஒட்டகம்போல
வயிற்றைப் பனியில் வைத்து உட்கார்ந்திருக்கிறது,
கறுப்பாக, கம்பீரமாக.

இதன் விலைக்கு இரண்டு அறை வீடு வாங்கியிருக்கலாம்.
சொல்லாதவர் இல்லை.
நான் நோட்டரி.
பிறர் கையெழுத்துக்கு நாளெல்லாம் முத்திரை வைக்கிறவள்
இந்த ஒன்றுக்கு மட்டும்
வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.
தோல் இருக்கையின் வாசனை.
கதவு மூடும்போது அந்தத் ‘தொப்’.

முதல் வருடம் கண்ணாடி ஏறவில்லை.
பிறகு பின்கதவு, தானாகத் திறந்துகொண்டு
சந்தையில் என் உருளைக்கிழங்கை ஊருக்கே காட்டியது.
பிறகு குளிர்நீர்க் குழாய்.
பிறகு என்னவென்றே தெரியாத ஒன்று,
அதற்கு மட்டும் நான்கு பில்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
இங்கே அந்தச் சுண்டைக்காய்
விமானத்தில் வரும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம்
நான் பழக்கியதை மறந்து
வண்டி பிறந்த மொழிக்குத் திரும்பிவிடும்.
திரை முழுக்க ஜெர்மன்.
மாற்றலாம். மாற்றினேன்.
ஒன்பதாம் முறைக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

ஆகையால் எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும்.
வழி கேட்க, வெங்காயம் வாங்க,
ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது.
‘கோளாறு’ தெரியும்.
‘உடனே நிறுத்தவும்’ தெரியும்.
‘இருநூறு கிலோமீட்டருக்குப் பின் எஞ்சின் கிளம்பாது’ என்பதை
உச்சரிப்புப் பிசகாமல் சொல்வேன்.

பணிமனையில் வல்தேமார்.
மடிக்கணினியைச் சொருகி
வண்டியின் காதோடு ஏதோ கேட்டுவிட்டு
“ஒண்ணுமே பதிவாகலையே, ஸௌலே கஸீமோவ்னா” என்பான்.
டாக்டரைக் கண்டதும் வலி மறக்கும் கல்லுளிமங்கன் அது.

ஆனால் இன்று, இழுவை லாரியிலிருந்து இறங்கியும்
அது எழவில்லை. திரையை முறைத்தவன் கேட்டான்:
“இது என்ன சொல்லுது?”

சிரித்துவிட்டேன்.
“உன் அடையாள அட்டையிலேயே ஜெர்மானியன்னு போட்டிருக்கே.”
“போட்டிருக்கு,” என்றான்.
“வீட்ல அதைப் பேசினவங்க எல்லாரும்
தொண்ணூத்தி நாலுல கிளம்பிட்டாங்க.
நான் அப்போ ராணுவத்துல.”

ஒரு கஸாக் பெண் ஒரு ஜெர்மானியனுக்கு
ஜெர்மன் வாசித்துச் சொன்னேன்:
‘மிகவும் தாழ்ந்துள்ளது.
எழும்வரை காத்திருக்கவும்.’

அவன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.
இரண்டாம் தரம் சரியாக வந்ததுபோல் இருந்தது.
எனக்கென்ன தெரியும்.

புதுக் கம்ப்ரஸருக்கு என்னிடம் பணமில்லை.
பிரித்து விற்கும் கிடங்கொன்றில் பழசு கிடைத்தது,
காஸெல் நகரத்தில்.
“எங்க அக்கா இர்மா அங்கதான் இருக்கா.”
“வருகிறாளா?”
“பார்ட்டு வரும்,” என்றான்.

பதினோரு நாள் என்றது பத்தொன்பதானது.
பேருந்தில் போய் வந்தேன்; யார் தோளிலோ தூங்கினேன்.

பெட்டியைப் பிரித்தவன்
கம்ப்ரஸரை ஓரமாக வைத்துவிட்டு
அதைச் சுற்றியிருந்த கசங்கிய செய்தித்தாளை
பானட்டின்மேல் விரித்து நீவினான்.
“படிங்க.”

தேடினேன். அந்தப் பக்கம் முழுவதிலும்
எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று:
ஏதோ ட்ராம் பாதையில் கோளாறு.
தொட்டுக் காட்டினேன்.
கிரீஸ் விரலால் அவனும் தொட்டான்.
பிறகு தாளை நான்காக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வண்டிக்கு அடியில் போனான்.

மாலை எழுந்தது.
முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம்,
ஒட்டகங்கள் எழுகிற அதே வரிசையில்.

வாயிற்கதவைத் தாண்டியிருக்க மாட்டேன்,
மஞ்சளாக ஒரு விளக்கு.
இதுவரை பார்க்காத சொல்.
வண்டியை நிறுத்தாமல்
உரக்க வாசித்துப் பார்த்தேன்.